இடிப்பதற்கு முன் ஒரு முறை புதுச்சேரிக்குப் போய் வாருங்கள்

வடக்குப்பட்டிலும் அக்கம்பக்கத்து ஊர்களிலும் பிறந்து, ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் ஒரு திறந்த மடல்.



நம் பக்கத்துப் பழைய வீடுகள் வேகமாகப் போய்க்கொண்டிருக்கின்றன. ஓடு வேய்ந்து, தெருவைப் பார்த்துத் திண்ணையும் நடுவில் முற்றமுமாக இருந்த வீடுகளை இடித்துவிட்டு, வாடகைக்கு விட வரிசையாக அறைகள் கட்டுகிறோம். ஓர் அறைக்கு நாலு பேர், வெளியூரிலிருந்து வந்த பிள்ளைகள், மாதம் பிறந்தால் கையில் வாடகை. இதில் நான் குறை காணவில்லை. மழையை நம்பி ஏரிப் பாசனத்தில் ஒரு போகம் எடுத்த குடும்பங்களை அந்த வாடகைதான் கரையேற்றியது. பிள்ளைகளைப் படிக்க வைத்ததும் கடனை அடைத்ததும் அதுதான்.

ஆனால் இடிப்பதா, வைத்திருப்பதா என்ற முடிவு இப்போது உங்கள் கைக்கு வந்திருக்கிறது. அப்பா தலைமுறை ஓய்ந்துவிட்டது. பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்கள். வங்கிக் கடன் வாங்கி மாடி கட்டப் போவதும் நீங்கள். அதனால்தான் இந்த மடலைப் பெரியவர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன். நானும் உங்களைப் போலக் கம்பெனி பஸ் ஏறி ஷிப்ட் பார்க்கிறவன், மெயின்டெனன்ஸ் பிரிவில் வேலை. பழுதாகும் முன்பே பார்த்துக்கொள்வது என் தொழில். அந்தக் கண்ணோடுதான் வீடுகளையும் பார்க்கிறேன்.

மூன்று நாள் சேர்ந்தாற்போல் விடுமுறை வந்தால் உங்களில் பாதிப் பேர் புதுச்சேரியில்தான் இருப்பீர்கள். சிங்கப்பெருமாள்கோவில் வழியாக ஜிஎஸ்டி சாலையைப் பிடித்து, செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் தாண்டினால் பைக்கிலேயே போய்விடலாம். கடற்கரைச் சாலை, மஞ்சள் சுவர்கள், காகிதப்பூக் கொடி வழியும் மதில், அவற்றின் முன்னால் நின்று படங்கள். போங்கள், எடுங்கள். கூடவே ஒரு வேலை செய்யுங்கள். ஊரை இரண்டாகப் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாருங்கள். பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரங்கப்பிள்ளை வீதி என்று கேட்டால் யாரும் சொல்வார்கள். அந்த வீதிக்குப் பெயர் கொடுத்தவரின் வீடு அங்கே இன்னும் நிற்கிறது. 1738இல் கட்டியது. கடைகளும் பலகைகளும் சரக்கு வண்டிகளும் நெருக்கும் தெரு அது. கவனிக்காமல் போனால் கண்ணில் படாது.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். சிறு வயதிலேயே குடும்பம் புதுச்சேரிக்குப் பெயர்ந்தது. தந்தை திருவேங்கடம் பிள்ளை பிரெஞ்சுக் கம்பெனியோடு வணிகம் செய்தவர். மகன் பரங்கிப்பேட்டைக் கிடங்கைக் கவனித்தார், சொந்தமாகக் கப்பல் வியாபாரமும் செய்தார், 1747இல் கம்பெனியின் தலைமைத் துபாஷ் ஆனார். கவர்னர் துய்ப்ளேக்கும் இந்த மண்ணுக்கும் நடுவே பேச்சு, பேரம், தூது எல்லாம் அவர் வழியாகவே நடந்தன. பல்லக்கில் ஏறி, மேளதாளத்தோடு கவர்னர் மாளிகைக்குள் நுழையும் உரிமை அவருக்கு இருந்தது. ஹைதராபாத் நிஜாம் பதவிக்கு வந்த முசாபர் ஜங் அவருக்கு மூவாயிரம் குதிரை மன்சப் பட்டம் கொடுத்தார். செங்கல்பட்டுச் சீமையின் ஜாகீர்தார் என்ற பதவியும் சேர்ந்து வந்தது. செங்கல்பட்டுச் சீமை என்பது நம் சீமைதான். அந்த வீட்டுக்காரரின் பட்டத்துக்குள் நம் ஏரிகளும் வயல்களும் அடங்கியிருந்தன.

வீட்டைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கீழ்த்தளம் முழுக்கத் தமிழ் வீடு. நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், அதைத் தாங்கும் செதுக்கு வேலைப்பாடுள்ள மரத் தூண்கள். மாடி ஏறினால் உலகம் மாறும். அங்கே மரத் தூண் இல்லை. செங்கல்லில் கட்டிச் சுண்ணாம்பு பூசிய, வெள்ளை வெளேரென்ற பருமனான தூண்கள், பிரெஞ்சுப் பாணியில் வரிசையாக நிற்கின்றன. கீழே சொந்தபந்தம், பூஜை, பந்தி, கணக்கு. மேலே கம்பெனியோடு தோளுக்குத் தோள் நிற்கிற கம்பீரம். ஒரே அஸ்திவாரத்தில் இரண்டு உலகத்தையும் அடுக்கி ஒரு வீடு கட்டிக்கொண்டார் அவர். புதுச்சேரியின் பல பழைய தெருக்களில் பிற்காலத்தில் பரவிய பிரெஞ்சுத் தமிழ்க் கலப்புப் பாணிக்கு இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கிற மிகப் பழைய சாட்சிகளில் இந்த வீடும் ஒன்று. உள்ளே போக முன்கூட்டி அனுமதி கேட்க வேண்டியிருக்கும். முறையாகக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் தெருவில் நின்றாவது பாருங்கள்.

அந்த வீடு எதைத் தாண்டி நிற்கிறது தெரியுமா? 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரில் ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார். 1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் முற்றுகைக்குப் புதுச்சேரி பணிந்தது. சென்னை கவர்னர் பிகட்டின் காலத்தில் ஆங்கிலேயர் பழிக்குப் பழி வாங்கினார்கள். கோட்டையையும் மாளிகைகளையும் வெடி வைத்தும் கடப்பாரை கொண்டும் இடித்தார்கள். 1763 பாரிஸ் உடன்படிக்கைப்படி ஊர் திரும்பக் கிடைத்து, 1765இல் பிரெஞ்சு கவர்னராக லா த லொரிஸ்தோன் வந்து இறங்கியபோது பிரெஞ்சுப் பகுதியில் அவருக்குக் கிடைத்தது இடிபாடுதான். இன்று நீங்கள் படம் எடுக்கும் வெள்ளைக்கார வீதிகள் ஏறக்குறைய எல்லாமே அதற்குப் பிறகு எழுந்தவை. நீங்கள் முதுகைக் காட்டிவிட்டுப் போகிற தமிழர் பகுதியில் நிற்கும் ரங்கப்பிள்ளை வீடு அதற்கு முந்தையது. பிள்ளை அந்த முற்றுகை முடிந்த ஜனவரியிலேயே கண்ணை மூடினார். வீடு அவரை விட்டும் ஊர் அழிவை விட்டும் தாண்டி வந்தது.

வீட்டோடு சேர்ந்து இன்னொன்றும் தப்பியது. 1736 முதல் சாகும் காலம் வரை பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்த நாள், துணி விலை, கவர்னர் சொன்ன சொல், கவர்னர் மனைவியின் கோபம், வீட்டுக் கல்யாணம், ஊர் வதந்தி, போர்ச் செய்தி, எல்லாம் அதில் உண்டு. கட்டுக்கட்டாகக் கிடந்த அந்தக் கணக்கேடுகளை 1846இல் கல்லுவா மொம்ப்ரோன் என்ற பிரெஞ்சு அதிகாரி பிள்ளையின் வழித்தோன்றல்களிடம் கண்டெடுத்தார். பிறகு சென்னை அரசு 1904 தொடங்கி 1928 வரை அதைப் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி எழுதும் எந்த வரலாற்றாசிரியரும் அதைப் புரட்டாமல் எழுத முடியாது. எண்பத்தைந்து வருடம் அந்த ஏடுகளைக் காத்தது ஆவணக் காப்பகம் இல்லை, ஒரு குடும்பம். பரணும் பெட்டியும் பூட்டுள்ள அறையும் உள்ள வீட்டில் காகிதம் வாழும். அடிக்கடி இடம் மாறும் குடும்பத்தில் முதலில் தொலைவது காகிதம்தான். நம் வீடுகளை இடித்தபோது எத்தனை ஓலைச்சுவடி, எத்தனை பழைய பத்திரம், எத்தனை கடுதாசிக் கட்டு பழைய பேப்பர்க்காரருக்குப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்களில் சிலர் கேட்பீர்கள், நியாயமாகவே கேட்பீர்கள்: அவர் பெரிய மனிதர், பல்லக்கில் போனவர், அவர் வீடு இருந்தால் என்ன, போனால் என்ன? நம் முப்பாட்டன் அந்தப் பல்லக்கைத் தூக்கினவனாகத்தானே இருந்திருப்பான்?

அதற்கு என் பதில் இதுதான். அந்த வீட்டைப் புகழ் பாடுவதற்காகக் காக்கச் சொல்லவில்லை. அது சாட்சி. அங்கே எழுதிய நாட்குறிப்பில்தான், ஏழை சனங்களை ஆசை காட்டிப் பிடித்து, அடைத்து வைத்து, கப்பலேற்றி அடிமைகளாக விற்ற 1743ஆம் ஆண்டுக் கொடுமை பதிவாகியிருக்கிறது. 1748 முற்றுகையின்போது வேதபுரீசுவரர் கோயிலை இடித்த செய்தியும் அதில்தான் இருக்கிறது. நெசவாளர்கள், சாயம் தோய்ப்பவர்கள், படகுக்காரர்கள், கூலியாட்கள் என்று வரலாற்றில் பெயரில்லாத மனிதர்கள் அந்தப் பக்கங்களில் நடமாடுகிறார்கள். சாட்சியை அழித்தால் அவர்கள் பட்ட பாடும் சேர்ந்து அழியும். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த மரத் தூணைச் செதுக்கியவர் ஆசாரி. அந்தச் சுண்ணாம்பை அரைத்தவர் கொத்தனார். அந்த மாடித் தளத்தை நாள் கணக்கில் அடித்து இறுக்கியவர்கள் சித்தாள் பெண்கள். பத்திரத்தில் பெயர் பிள்ளையுடையது, வேலையோ நம்மவர்களுடையது. கையால் வேலை செய்கிற நாம், கைவேலையை மதிக்காவிட்டால் வேறு யார் மதிப்பார்கள்?

அந்த மாடித் தளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சென்னை முதல் புதுச்சேரி வரை பழைய மெத்தை வீடுகளில் இருப்பது மெட்ராஸ் டெரஸ். சுவருக்குச் சுவர் தேக்கு உத்தரம். அதன் மேல் நெருக்கமாகச் சின்னக் கட்டைகள். அவற்றின் மேல் மெல்லிய செங்கற்களைப் படுக்க வைக்காமல், விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்து வைத்து அடுக்குவார்கள். கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. செங்கல் செங்கல்லைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் அடிப்பார்கள். கடுக்காய் ஊறிய தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்துத் தெளித்து, கட்டை துள்ளித் திரும்பும் வரை பல நாள் அடி நடக்கும். கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். இந்தத் தளம் சித்திரை வெயிலிலும் கீழறையைக் குளிர வைக்கும். நம் கான்கிரீட் அறைகளில் இரவு முழுக்க மின்விசிறி சுடுகாற்று அடிக்கிறதே, அந்தத் தொல்லை இதில் இல்லை.

சுண்ணாம்புச் சுவரின் குணமும் வேறு. அது ஈரத்தை இழுக்கும், வெயில் வந்ததும் வெளியே விடும். இது தெரியாமல் நாம் செய்கிற பெரிய கெடுதல் ஒன்று உண்டு. சுவர் உதிர்கிறது என்று அதன் மேல் சிமென்ட் பூசிவிடுகிறோம். அப்போது வெளியே போக வேண்டிய ஈரம் உள்ளேயே அடைபடும். உப்புப் பூத்து செங்கல் மாவாகும். சுவருக்குள் சொருகியிருக்கும் உத்தரத்தின் முனை மக்கும், கரையான் ஏறும். பத்து வருடத்தில் தளம் தொங்கும். பிறகு "பழைய வீடு தாங்காது" என்று சொல்லி இடிப்போம். அந்த வீட்டைச் சாய்த்தது வயசு இல்லை, சிமென்ட் பூச்சுதான்.

இதற்கு ஒரு பெரிய பாடத்தைப் புதுச்சேரியே சொல்லித் தந்தது. கடற்கரைச் சாலையில் மேரி கட்டடம் என்று நகராட்சி இயங்கிய மாளிகை இருந்தது, 1870களில் கட்டியது. அரசுக் கட்டடம். எல்லோருக்கும் அதன் அருமை தெரியும். பழுது பார்க்க வேண்டும் என்ற பேச்சு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 2014 நவம்பர் 29 அன்று மழையில் அது அப்படியே சரிந்து விழுந்தது. பிறகு உலக வங்கி நிதியில் அதே முகத்தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள். பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் அது புதுக் கட்டடம். என் மெயின்டெனன்ஸ் பிரிவில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு இது. நேரத்துக்கு எண்ணெய் விட்டு, பெல்ட் மாற்றி, பிஎம் என்கிற முன்தடுப்புப் பராமரிப்பைச் செய்தால் மெஷின் ஓடும். தள்ளிப் போட்டால் பிரேக்டவுன், அதன் பிறகு செலவு பத்து மடங்கு, பழைய மெஷினும் திரும்பாது. வீட்டுக்கும் அதே கணக்குதான். பாதுகாக்கப்பட்ட கட்டடம் என்று பலகை மாட்டினால் மட்டும் கட்டடம் நிற்காது. கூரையில் விழுந்த அரச மரக் கன்றை அந்த வருடமே பிடுங்குகிற கை வேண்டும். உடைந்த ஓட்டை மழைக்கு முன் மாற்றுகிற ஆள் வேண்டும்.

நல்ல பாடமும் அதே ஊரில் இருக்கிறது. வைசியாள் வீதியில் தமிழ் வீடுகள் வரிசையாக இருக்கின்றன. தெருவில் நடப்பவருக்கு நிழல் தரும் தாழ்வாரம், அதற்குள் வீட்டுக்காரர் உட்காரும் திண்ணை, பிறகு வாசல். இருபது ஆண்டுகளுக்கு முன் மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு அந்தத் தெரு முகப்புகளைப் பழைய முறைப்படி சீர்செய்தது. வீட்டுக்காரர்களும் செலவில் பங்கு போட்டார்கள். 2008இல் அந்தத் தெருவுக்கு யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. விருது பெற்றது அரண்மனை இல்லை, கோட்டை இல்லை, சனங்கள் குடியிருக்கிற தெரு. ஒரு வீட்டை மட்டும் காப்பாற்றினால் அது தனியாக நிற்கும். தெருவாகச் சேர்ந்து காப்பாற்றினால் ஊராக நிற்கும்.

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. பிரான்சில் 1913இலேயே வரலாற்றுச் சின்னங்களுக்குச் சட்டம் வந்தது. 1962இல் அமைச்சர் மால்ரோ கொண்டுவந்த சட்டம் தனி வீடுகளைத் தாண்டிப் பழைய நகர்ப் பகுதிகளையே முழுதாகக் காக்க வழி செய்தது. தனியார் வீடாக இருந்தாலும் அனுமதியில்லாமல் ஜன்னலைக்கூட மாற்ற முடியாது. அதே நேரம் பழுது பார்க்கும் செலவில் அரசு கைகொடுக்கும், வரியிலும் சலுகை உண்டு. கட்டுப்பாடும் உதவியும் ஒன்றாக வந்ததால்தான் போர்தோ போன்ற நகரங்களில் பதினெட்டாம் நூற்றாண்டு வீடுகள் தெருத்தெருவாக இன்றும் குடியிருப்போடு நிற்கின்றன. நம் நாட்டில் 1958இன் தொல்பொருள் சட்டமும் தமிழ்நாட்டில் 1966இன் சட்டமும் முக்கியமாகக் கோயில், கோட்டை, தொல்லிடங்களுக்கானவை. தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் 2012இல் நிறைவேறியது, ஆனால் பல ஆண்டுகள் ஏட்டிலேயே கிடந்தது. நம் ஊரில் நூறு வருடத்து விவசாயி வீட்டுக்கு எந்தச் சட்டமும் குடை பிடிக்க வரப்போவதில்லை. அந்த வீட்டுக்கு இருக்கிற ஒரே காவல் நீங்கள்தான்.

இப்போது நம் மண்ணுக்கு வருகிறேன். 2022இல் இந்தியத் தொல்லியல் துறை நம் வடக்குப்பட்டில் குழி போட்டுத் தோண்டியது. முக்கால் மீட்டர் ஆழத்திலேயே இடைக்கற்காலத்துக் கற்கருவிகள் கிடைத்தன. வெட்டுக் கருவி, சுரண்டும் கருவி என்று, இங்கேயே உட்கார்ந்து கல்லைத் தட்டிச் செய்ததற்கான தடயங்கள். சங்ககால ஓடுகள், ரோம வணிகத் தொடர்பைக் காட்டும் ரூலெட்டட் வகைப் பானை ஓடுகள், தங்க நகைத் துண்டு, செங்கல் கட்டுமானம் என்று அடுக்கடுக்காகக் கிடைத்தன. இங்கிருந்து கொஞ்ச தூரத்தில் பல்லாவரத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் இந்தியாவின் முதல் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்தார். அப்படிப்பட்ட மண் இது. கல்லைத் தட்டிக் கருவி செய்தவர்கள் வாழ்ந்த இடத்தில் இன்று நாம் கார் செய்கிறோம், கண்ணாடி வார்க்கிறோம். கைவேலை இந்த ஊரை விட்டு ஒருநாளும் போகவில்லை.

கண்ணாடி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். பதினான்காம் லூயி மன்னரின் அமைச்சர் கோல்பேர் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தொடங்கி வைத்தார். அந்தக் கம்பெனிதான் புதுச்சேரிக்கு வந்தது, ஆனந்தரங்கரைத் துபாஷ் ஆக்கியது. அதே கோல்பேர் அடுத்த வருடமே, 1665இல், அரச கண்ணாடித் தொழிலகத்தைத் தொடங்கினார். வெர்சாய் அரண்மனையின் கண்ணாடி மண்டபத்துக்கு நிலைக்கண்ணாடிகள் செய்த அந்தத் தொழிலகம்தான் இன்றைய செயின்ட் கோபேன். 2000 முதல் ஸ்ரீபெரும்புதூரில் கண்ணாடி வார்க்கிறது. உங்களில் பலர் அங்கே வேலை செய்கிறீர்கள். 2010 முதல் ஒரகடத்தில் கார் செய்யும் ரெனோவும் பிரெஞ்சுப் பெயர்தான். ஒரே மனிதர் ஓராண்டு இடைவெளியில் தொடங்கிய இரண்டு கம்பெனிகளில் ஒன்று ரங்கப்பிள்ளைக்குச் சம்பளம் கொடுத்தது, இன்னொன்று நம் வீட்டு அடுப்பை எரிய வைக்கிறது. ஆகவே அந்த வீட்டை "யாரோ ஒரு பிரெஞ்சுக்காலத்து ஆள் வீடு" என்று ஒதுக்காதீர்கள். அந்நியக் கம்பெனிக்கு உழைத்து, அதன் நடுவே தன் முற்றத்தையும் தன் மொழியையும் விடாமல் வைத்திருந்த ஒரு தமிழரின் வீடு அது. நம் நிலைமைக்கு அவ்வளவு தூரமானது இல்லை.

நமக்கு இருக்கும் முரண்பாட்டைப் பாருங்கள். மண்ணுக்குக் கீழே பல்லாயிரம் வருடத்துப் பொருள் கிடைக்கிறது. மண்ணுக்கு மேலே நூறு வருடத்து வீடு இல்லாமல் போகிறது. கீழே இருப்பதைத் தேட அரசாங்கமே வந்து தூரிகையால் மண் தள்ளுகிறது. மேலே இருப்பதை நாம் ஜேசிபி வைத்து அரை நாளில் வழித்தெடுக்கிறோம். நடுவில் சில தலைமுறைக் காலம் இங்கே யாரும் வாழவே இல்லை என்பதுபோல ஊர் ஆகிவிடும்.

எல்லா வீட்டையும் வைத்திருங்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஐந்து பங்காளி இருக்கிற வீட்டை ஒருவர் மட்டும் காக்க முடியாது. கழிப்பறை இல்லாத வீட்டில் புது மருமகளைக் குடியிருக்கச் சொல்லவும் முடியாது. நாட்டு ஓடு மாற்ற ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தால் கூலி கட்டுப்படி ஆவதில்லை. இதெல்லாம் நிஜம். ஆனால் இவற்றுக்குள்ளேயே செய்யக்கூடியவை உண்டு. ஐந்து காரியம் கேட்கிறேன்.

முதலாவது, இடிக்கப் போகிற வீடாக இருந்தாலும் இடிப்பதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதற்குக் கொடுங்கள். உங்கள் கைபேசியில் ஒவ்வோர் அறையையும், கதவையும், தூணையும், கூரையின் உட்புறத்தையும் படம் எடுங்கள். டேப் பிடித்து அளந்து ஒரு வரைபடம் போடுங்கள். உங்களில் பாதிப் பேர் டிப்ளமோ படித்தவர்கள், டிராயிங் தெரியும். வீட்டிலுள்ள மூத்தவரை உட்கார வைத்து, யார் கட்டினது, மரம் எங்கிருந்து வந்தது, எந்த அறையில் யார் பிறந்தார்கள் என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். பரணில் இருக்கும் காகிதம் எதையும் பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள்.

இரண்டாவது, இடித்தே தீர வேண்டும் என்றில்லாத வீட்டை இடிக்காதீர்கள். பின்கட்டில் புது அறைகளும் கழிப்பறையும் கட்டிக்கொண்டு முன்கட்டை வைத்திருக்கலாம். திண்ணையையும் முற்றத்தையும் விட்டுவிட்டு மற்றதை மாற்றலாம். ரங்கப்பிள்ளையே கீழே ஒரு பாணி, மேலே ஒரு பாணி என்று கட்டினவர்தானே. பழையதும் புதியதும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதற்கு இருநூற்றெண்பது வருடத்துக்கு மேலான உதாரணம் அது.

மூன்றாவது, சுண்ணாம்புச் சுவரில் சிமென்ட் பூசாதீர்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருப்பணி நடக்கும் இடங்களில் கேட்டால் கிடைப்பார்கள். அவர்களிடம் நம் பிள்ளைகள் இரண்டு பேராவது தொழில் கற்கட்டும். கம்பெனி வேலை ஒப்பந்தம் முடிந்ததும் என்ன செய்வது என்று தவிக்கிற தம்பிகளுக்கு இது பிழைப்புக்கும் வழி.

நான்காவது, கம்பெனிகளிடம் கேளுங்கள். 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பொறுப்புப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். நாம் அதை சிஎஸ்ஆர் என்று பேசிக்கொள்கிறோம். பள்ளிக்கூடத்துக்கு பெஞ்சு, குடிதண்ணீர் மெஷின் என்று மட்டுமே நமக்குப் பழக்கம். அந்தச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் வரலாற்று முக்கியத்துவம் உள்ள கட்டடங்களையும் இடங்களையும் சீரமைப்பதும் வெளிப்படையாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. இது நாம் கேட்கும் சலுகை இல்லை, சட்டம் திறந்து வைத்திருக்கும் வழி. உங்கள் மனிதவளப் பிரிவில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள். தனியாகக் கொடுக்காதீர்கள், ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

ஐந்தாவது, கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூடுகிறது. ஷிப்ட் இருக்கிறது என்று நாம் யாரும் போவதில்லை. போக வேண்டும். ஊரில் மிச்சமிருக்கும் பழைய வீடு, சத்திரம், கிணறு, மண்டபம், குளக்கரைப் படித்துறை எல்லாவற்றையும் பட்டியல் எடுத்துத் தீர்மானமாகப் பதிவு செய்யச் சொல்வோம். வடக்குப்பட்டு அகழாய்வில் கிடைத்தவற்றின் படங்களையும் மாதிரிகளையும் வைக்க நம் ஊரிலேயே ஓர் இடம் கேட்போம். கீழடியில் 2023 மார்ச்சில் அருங்காட்சியகம் திறந்தார்கள், இப்போது ஊர் ஊராகச் சனங்கள் போய்ப் பார்க்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிது வேண்டாம். பழுது பார்த்த ஒரு பழைய வீடு போதும். கீழே கிடைத்த பொருளை மேலே நிற்கும் பழைய வீட்டில் வைத்தால் இரண்டும் சேர்ந்து பிழைக்கும்.

தம்பிகளே, தங்கைகளே, இந்தத் தொழில் வளாகம் இன்னும் விரியும். நிலம் கேட்பார்கள், விலை ஏறும், வெளியூர்ப் பிள்ளைகள் இன்னும் வருவார்கள். வரட்டும், அவர்களும் பிழைக்க வந்தவர்கள்தான். ஆனால் வருகிறவர்களுக்கு "இதுதான் எங்கள் ஊர்" என்று காட்ட நமக்கு ஏதாவது இருக்க வேண்டும். முற்றுகைகள், ஒரு நகர அழிவு, எத்தனையோ மழைக்காலம் என்று எல்லாவற்றையும் தாண்டி ரங்கப்பிள்ளை வீடு நிற்கிறது. அதற்குக் காரணம் தலைமுறைக்குத் தலைமுறை யாரோ ஒருவர் "இது இருக்கட்டும்" என்று முடிவெடுத்ததுதான். நம் தெருவில் அந்த முடிவை எடுக்கும் முறை இப்போது உங்களுடையது.

அடுத்த கிராம சபைக்கு முன்பாக உங்கள் தெருவின் பட்டியலை எடுத்து வாருங்கள். அறுபது வருடத்துக்கு மேற்பட்ட வீடு எத்தனை, யார் பெயரில் இருக்கிறது, கூரை எப்படி இருக்கிறது, வீட்டுக்காரர் என்ன நினைக்கிறார், இவ்வளவுதான். வடக்குப்பட்டுத் தெருக்களை எடுத்து எழுத நான் தொடங்கிவிட்டேன். மற்ற ஊர்களை நீங்கள் எழுதுங்கள்.

அன்புடன்,
வடக்குப்பட்டிலிருந்து,
உங்கள் ஊர்க்கார அண்ணன்.